ராயல்டியா, சரக்கா? நோக்கியா ஆலையைச் சிக்கவைத்த கேள்வி: வெளிநாட்டு முதலாளிக்கு இங்கே வரி எப்படி?

முதலாளி சியோலில் இருக்கிறார். ஆலை ஒரகடத்தில் ஓடுகிறது. தொழில்நுட்பக் கட்டணம், ராயல்டி, டிவிடெண்ட், கடன் வட்டி என்று ஏதோ ஒரு பெயரில் இங்கிருந்து அங்கே பணம் போகிறது. அந்தப் பணத்துக்கு வரி யார் கட்ட வேண்டும்? எந்த நாட்டில் கட்ட வேண்டும்?

‘இதெல்லாம் ஆடிட்டர் பாத்துப்பாரு’ என்று கடந்து போகிற சமாசாரம் போலத் தெரியும். ஆனால், இதே ஸ்ரீபெரும்புதூரில் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுத்த ஓர் ஆலை, இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காத நிலையில்தான் விற்கவும் முடியாமல், ஓட்டவும் முடியாமல் நின்றது. அந்த ஆலை நோக்கியா.

கொரியாவின் ஹூண்டாய், பிரான்ஸின் செயின்ட் கோபைன், ஜெர்மனியின் டெய்ம்லர், தைவானின் ஃபாக்ஸ்கான் என உலக நிறுவனங்கள் வரிசைகட்டி நிற்கும் பகுதி இது. அவற்றுக்கு உதிரிபாகம் தரும் சின்னச் சின்ன வெளிநாட்டு கம்பெனிகளும் ஏராளம். இவற்றில் அக்கவுன்ட்ஸ், பர்ச்சேஸ், ஹெச்ஆர் பிரிவுகளில் வேலை பார்ப்பவர்கள் இந்த விவகாரத்தைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

நோக்கியாவில் என்ன நடந்தது?

2005-ல் தமிழக அரசுடன் ஒப்பந்தம் போட்டு, 2006-ல் உற்பத்தியைத் தொடங்கியது நோக்கியா. ஸ்ரீபெரும்புதூர் சிப்காட்டில் 200 ஏக்கருக்கு மேல் பரந்த சிறப்புப் பொருளாதார மண்டலம். நோக்கியா மட்டுமல்ல, சார்ஜர் செய்யும் சால்காம்ப், பாகங்கள் செய்யும் ஃபாக்ஸ்கான் ஆகியவையும் அதே வளாகத்துக்குள் வந்தன. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பெண்கள் பெருமளவில் வேலைக்குப் போன முதல் பெரிய எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் அதுவும் ஒன்று.

2013 ஜனவரியில் வருமான வரித் துறை அதிகாரிகள் ஆலைக்குள் நுழைந்தார்கள். மார்ச்சில், சுமார் ரூ.2,080 கோடி கேட்டு உத்தரவு வந்தது. நோக்கியா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

அதே ஆண்டு செப்டம்பரில் கதை வேறு பக்கம் திரும்பியது. நோக்கியா தன் செல்போன் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்பதாக அறிவித்தது. அந்த ஒப்பந்தத்தின் மதிப்பு 5.44 பில்லியன் யூரோ. ஆலை கைமாறிவிட்டால் பாக்கியை யாரிடம் வசூலிப்பது? வரித் துறை, ஆலை உள்ளிட்ட நோக்கியாவின் இந்தியச் சொத்துகளை முடக்கியது. டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் நிபந்தனைகளோடு தடையை நீக்கியது. ஆனால் ரூ.3,500 கோடிக்கு உத்தரவாதம் தர வேண்டும் என்ற விவகாரத்தில், 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நோக்கியாவின் மனுவை ஏற்கவில்லை. அதே மாதத்தில் தமிழக வணிக வரித் துறையும் சுமார் ரூ.2,400 கோடி கேட்டது. ஏற்றுமதி செய்ததாகச் சொன்ன போன்கள் உள்நாட்டில் விற்கப்பட்டன என்பது அதன் வாதம். நோக்கியா அதை அடியோடு மறுத்தது.

2014 ஏப்ரல் 25-ல் மைக்ரோசாஃப்ட் ஒப்பந்தம் நிறைவேறியது, ஸ்ரீபெரும்புதூர் ஆலையைச் சேர்க்காமல். அதன்பின் அந்த ஆலை, மைக்ரோசாஃப்டுக்கு போன் செய்துதரும் ஒப்பந்த ஆலையாகச் சில மாதங்கள் ஓடியது. மைக்ரோசாஃப்ட் அந்த ஒப்பந்தத்தையும் முடித்துக்கொள்ள, 2014 நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கான ஊழியர்கள் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் வெளியேறினார்கள். டிசம்பரில் அதே வளாகத்தில் இருந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் நின்றது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். வரிப் பிரச்சினை மட்டுமே ஆலையை மூடியது என்று சொல்லிவிட முடியாது. அப்போதே ஸ்மார்ட்போன் சந்தையில் நோக்கியா பின்தங்கியிருந்தது. மைக்ரோசாஃப்ட் 2014 ஜூலையில் உலகம் முழுக்க 18,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. அதில் சுமார் 12,500 பேர் நோக்கியாவிலிருந்து வந்தவர்கள். ஆனால், கைமாறவாவது ஒரு வாய்ப்பு இருந்த நேரத்தில் அந்தக் கதவை அடைத்தது வரி வழக்குதான்.

சண்டை எதைப் பற்றி?

ஒவ்வொரு போனுக்குள்ளும் ஒரு மென்பொருள் இருக்கிறது. அது பின்லாந்திலிருந்த தாய் நிறுவனத்துடையது. ஸ்ரீபெரும்புதூர் ஆலை அதைப் போன்களில் ஏற்றியது. அதற்காகத் தாய் நிறுவனத்துக்குப் பணம் அனுப்பியது.

அந்தப் பணம் எதற்கான பணம்? வரித் துறை சொன்னது: ‘இது ராயல்டி. காப்புரிமையைப் பயன்படுத்தியதற்கான கட்டணம். அனுப்பும்போதே வரியைப் பிடித்திருக்க வேண்டும்.’ நோக்கியா சொன்னது: ‘இது ராயல்டி இல்லை. போனுக்குள் போகிற மற்ற பாகங்களைப் போல, இதுவும் விலை கொடுத்து வாங்கிய பொருள்.’

ராயல்டி என்றால் இந்தியாவில் வரி உண்டு. பொருளின் விலை என்றால், விற்கிற வெளிநாட்டு கம்பெனிக்கு இங்கே சொந்தமாக வியாபார இடம் இல்லாதவரை, வரி கிடையாது. பணம் அதேதான், அதற்கு வைக்கும் பெயரில்தான் இத்தனை கோடி.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. 2012-ம் ஆண்டின் நிதிச் சட்டம், மென்பொருளைப் பயன்படுத்தும் உரிமைக்குத் தரும் பணமும் ராயல்டிதான் என்று ஒரு விளக்கத்தைச் சேர்த்தது. அது அன்றிலிருந்து அல்ல, 1976-லிருந்தே பொருந்தும் என்றது. பழைய கணக்குகளெல்லாம் மறுபடி திறக்கப்பட்டன.

முதலாளி வெளிநாட்டில் இருக்கும்போது இங்கே எதற்கு வரி?

வருமானம் எங்கே உருவாகிறதோ, அந்த நாட்டுக்கு அதில் பங்கு உண்டு என்பதுதான் அடிப்படை. ஆனால் சியோலில் இருப்பவரை இங்குள்ள அதிகாரி தேடிப் போக முடியாது. அதனால் சட்டம் ஒரு குறுக்குவழியை வைத்திருக்கிறது. ‘பணத்தை அனுப்புகிறவனே, வரியைப் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பு’ என்பதே அது. 1961-ம் ஆண்டுச் சட்டத்தில் இதை 195-வது பிரிவு என்பார்கள். 2026 ஏப்ரல் 1 முதல் பொருந்தும் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. பிடித்துக்கொண்டு அனுப்பும் முறை மாறவில்லை.

ஆக, வரி முதலாளியுடையது. பிடிக்கும் பொறுப்பு இங்குள்ள கம்பெனியுடையது. பிடிக்காமல் விட்டால் மாட்டுவது முதலாளி இல்லை, இங்கே கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் ஆலை. நோக்கியா விவகாரத்தின் சாரமே இதுதான்.

பணம் வெளியே போகும் வழிகள் என்னென்ன?

முதலில், ஆலையின் லாபம். இந்தியாவில் தனி கம்பெனியாகப் பதிவுசெய்து நடத்தினால், சலுகைகள் எதுவும் வேண்டாம் என்று தேர்ந்தெடுக்கும்போது 22 சதவீத வரி. சர்சார்ஜ், செஸ் சேர்த்து சுமார் 25.17 சதவீதம். வெளிநாட்டு கம்பெனியே நேரடியாகக் கிளை திறந்து நடத்தினால் அடிப்படை விகிதமே 35 சதவீதம். 2024 ஜூலை பட்ஜெட்டுக்கு முன்பு அது 40. பெரும்பாலானோர் இங்கே தனி கம்பெனி தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். புதிய ஆலைகளுக்கு இருந்த 15 சதவீதச் சலுகை, 2024 மார்ச் 31-க்குள் உற்பத்தி தொடங்கியவர்களுக்கு மட்டும்தான்.

அடுத்து, டிவிடெண்ட். 2020 ஏப்ரல் முதல் இதற்கான வரி பங்குதாரர் தலையில். வெளிநாட்டுப் பங்குதாரருக்கு உள்நாட்டுச் சட்டப்படி 20 சதவீதம். ஒப்பந்தப்படி ஜப்பானுக்கு 10, கொரியாவுக்கு 15.

மூன்றாவது, ராயல்டியும் தொழில்நுட்பக் கட்டணமும். சண்டைகள் அதிகம் நடப்பது இங்கேதான். சின்ன விஷயம் இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யும் ஹூண்டாய், 2024-ல் பங்குச் சந்தைக்கு வந்தபோது, தாய் நிறுவனத்துக்கு விற்பனையில் 3.5 சதவீதம் ராயல்டி தருவது பெரிதாகப் பேசப்பட்டது.

ஒரு கோடி அனுப்பினால் எவ்வளவு பிடிக்க வேண்டும்?

ஒரகடத்தில் ஒரு கொரிய உதிரிபாக கம்பெனி இருப்பதாக வைத்துக்கொள்வோம். தாய் நிறுவனத்துக்கு ரூ.1 கோடி ராயல்டி அனுப்ப வேண்டும்.

உள்நாட்டுச் சட்டப்படி, 2023 ஏப்ரல் முதல் இதற்கு வரி 20 சதவீதம். அதற்கு முன்பு 10 சதவீதமாக இருந்தது, ஒரேயடியாக இரட்டிப்பானது. ரூ.20 லட்சம், அதற்கு மேல் சர்சார்ஜும் செஸ்ஸும்.

ஆனால் இந்தியா - கொரியா இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தப்படி 10 சதவீதம்தான். ரூ.10 லட்சம். மேலே சர்சார்ஜ், செஸ் எதுவும் இல்லை. ஜப்பான், ஜெர்மனி, பின்லாந்து நாடுகளுக்கும் இதே 10 சதவீதம்தான். சட்டம், ஒப்பந்தம் இரண்டில் எது சாதகமோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

சும்மா எடுத்துக்கொள்ள முடியாது. தாய் நிறுவனம் தன் நாட்டு வரித் துறையிடமிருந்து வரி வசிப்புச் சான்றிதழ் வாங்கித் தர வேண்டும். கூடவே, பழைய சட்டத்தில் 10எஃப் என்று சொல்லப்படும் படிவத்தை இந்திய வரித் துறையின் இணையதளத்தில் தாக்கல் செய்ய வேண்டும். ஒரு காகிதம் வராமல் போனால் 10 லட்சம் 20 லட்சத்துக்கு மேல் ஆகிவிடும். ஆண்டு தொடங்கும்போதே கேட்டு வாங்கிவிடுவது புத்திசாலித்தனம். மார்ச் 31 ராத்திரி சியோலுக்கு போன் போட்டுப் பயன் இல்லை.

இன்னொரு பொறி, ‘வரி போக முழுத் தொகை எங்களுக்கு வர வேண்டும்’ என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது. அப்படியிருந்தால் வரியும் இங்குள்ள கம்பெனியின் செலவு. கையில் ரூ.1 கோடி சேர வேண்டும் என்றால், மொத்தத் தொகையை ரூ.1.11 கோடியாகக் கணக்கிட்டு அதில் 10 சதவீதம், அதாவது சுமார் ரூ.11.11 லட்சம் கட்ட வேண்டும். ஒப்பந்தத்தில் ஒரு வரியைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டால் இப்படித்தான்.

பிடிக்காமல் அனுப்பிவிட்டால்?

மூன்று அடி விழும். ஒன்று, பிடிக்க வேண்டிய வரியை இங்குள்ள கம்பெனி கட்ட வேண்டும். இரண்டு, மாதத்துக்கு 1 சதவீத வட்டி. பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருந்தால் 1.5 சதவீதம். மூன்றாவதுதான் பெரிய அடி. அந்த ரூ.1 கோடியைச் செலவாகவே ஏற்க மாட்டார்கள். லாபம் ஒரு கோடி கூடியதாகக் கணக்காகி, 25.17 சதவீத விகிதத்தில் சுமார் ரூ.25 லட்சம் கூடுதல் வரி வரும். பின்னால் வரியைக் கட்டினால், கட்டிய ஆண்டில் அந்தச் செலவைக் காட்டிக்கொள்ளலாம். அதுவரை பணம் முடங்கும். உள்நாட்டில் ஒருவருக்குத் தரும்போது டிடிஎஸ் பிடிக்காவிட்டால் செலவில் 30 சதவீதம்தான் மறுக்கப்படும். வெளிநாடு என்றால் முழுசா போச்சு.

முதலாளி இங்கேயே வந்து தங்கினால்?

ஆலையை நேரில் பார்த்துக்கொள்ள, குடும்பத்தோடு சென்னைக்கு வந்துவிடும் கொரிய, ஜப்பானிய உரிமையாளர்கள் உண்டு. அவர்களுக்குக் கணக்கு மாறும். இங்கே குடியுரிமை பார்ப்பதில்லை, நாள் கணக்குதான்.

ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான ஆண்டில் 182 நாள் அல்லது அதற்கு மேல் இந்தியாவில் இருந்தால், வரிச் சட்டத்தின் பார்வையில் அவர் இந்தியாவில் வசிப்பவர். அந்த ஆண்டில் 60 நாளும் முந்தைய 4 ஆண்டுகளில் சேர்த்து 365 நாளும் இருந்தாலும் அப்படித்தான்.

அப்படின்னா சியோலில் இருக்கும் வீட்டு வாடகைக்கும் இங்கே வரியா? உடனே இல்லை. முந்தைய 10 ஆண்டுகளில் 9 ஆண்டுகள் வெளிநாட்டில் வசித்தவராகக் கணக்கில் இருந்தாலோ, முந்தைய 7 ஆண்டுகளில் மொத்தம் 729 நாளுக்கு மேல் இங்கே தங்கியிருக்காவிட்டாலோ, அவருக்கு இடைநிலை அந்தஸ்து. இங்கே சம்பாதித்ததற்கும், இங்கிருந்து நடத்தும் தொழிலின் வருமானத்துக்கும் மட்டும் வரி. புதிதாக வருபவருக்கு முதல் இரண்டு, மூன்று ஆண்டுகள் பொதுவாக இந்த நிழல் கிடைக்கும்.

அது முடிந்தபின் உலகத்தில் எங்கே வருமானம் வந்தாலும் இங்கே காட்ட வேண்டும். வெளிநாட்டு வங்கிக் கணக்கு, பங்கு, வீடு எல்லாவற்றையும் ரிட்டர்னில் பட்டியலிட வேண்டும். மறைத்தால் 2015-ம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி ரூ.10 லட்சம் அபராதம் விதிக்கலாம். அசையாச் சொத்து தவிர்த்த மற்றவற்றின் மொத்த மதிப்பு ரூ.20 லட்சத்துக்குள் இருந்தால், 2024 அக்டோபர் முதல் இந்த அபராதத்திலிருந்து விலக்கு உண்டு.

வராமலே எல்லாவற்றையும் நடத்தினால்?

‘நான் வரவே இல்லை, அதனால் வரியும் இல்லை’ என்று சொல்லிவிட முடியாது. வெளிநாட்டு கம்பெனிக்கு இங்கே ‘நிரந்தர நிறுவல்’ இருக்கிறது என்று முடிவானால், அந்த வழியாக வந்த லாபத்துக்கு வரி உண்டு. பெயர்ப் பலகை மாட்டிய ஆபீஸ் இருந்தால்தான் என்பது இல்லை.

2025 ஜூலையில் ஹயாத் ஹோட்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. துபாயைச் சேர்ந்த அந்த நிறுவனத்துக்கு இந்தியாவில் தனியாக ஓர் அறைகூட ஒதுக்கப்படவில்லை. ஆனால் ஒப்பந்தப்படி ஹோட்டலின் அன்றாட நிர்வாகத்தில் அதன் கை ஆழமாக இருந்தது. அதிகாரிகள் மாறி மாறி வந்துபோனார்கள். ஒவ்வொருவரும் எத்தனை நாள் தங்கினார் என்பது முக்கியமில்லை, மொத்தத்தில் தொழில் இங்கிருந்து நடக்கிறதா என்பதே கேள்வி என்று தீர்ப்பு வந்தது.

தாய் நிறுவனம் அனுப்பிவைக்கும் மேலாளர்கள், இன்ஜினீயர்கள் விஷயத்திலும் கவனம் தேவை. 2022 மே மாதம் நார்தர்ன் ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ் வழக்கில், அப்படி வருபவர்களின் உண்மையான எஜமானர் வெளிநாட்டு கம்பெனிதான் என்று கண்டு, அது ஆள் அனுப்பும் சேவை என உச்ச நீதிமன்றம் கூறியது. அந்தச் சேவையை வாங்கும் இந்திய கம்பெனிதான் வரி கட்ட வேண்டும். ஒவ்வொரு ஒப்பந்தமும் தனித்தனியாகப் பார்க்கப்படும். அவர் யாருக்குக் கட்டுப்பட்டவர், சம்பளம் யார் தருவது, வேலையைவிட்டு நீக்கும் அதிகாரம் யாருக்கு? ஹெச்ஆர் எழுதும் ஒரு கடிதம்தான் இதற்கெல்லாம் பதில்.

இரண்டு நாடும் கேட்டால் என்ன செய்வது?

முதலில், இங்கே கட்டிய வரிக்கான சான்றிதழைக் காட்டி, சொந்த நாட்டில் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். இங்கே பிடித்த வரியை அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் கட்டி, சான்றிதழைக் காலத்தில் கொடுத்தால்தான் அங்கே அது நடக்கும்.

வரி போடும் உரிமை யாருக்கு என்பதிலேயே தகராறு வந்தால், இரு நாட்டு வரித் துறைகளும் உட்கார்ந்து பேசித் தீர்க்க ஒப்பந்தத்திலேயே வழி இருக்கிறது. நோக்கியா விவகாரம் கடைசியில் தீர்ந்தது அப்படித்தான். இந்தியாவும் பின்லாந்தும் பேசி முடிவுக்கு வர, 2018-ல் 202 மில்லியன் யூரோவுக்கு விஷயம் முடிந்தது. அன்றைய மதிப்பில் சுமார் ரூ.1,600 கோடி. ஆலை மூடி அப்போது மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன.

தகராறு வரும் முன்பே பேசி வைத்துக்கொள்ளவும் முடியும். தாய் நிறுவனத்துக்கு எவ்வளவு தருவது நியாயம் என்பதை வரித் துறையோடு முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொள்ளும் முறை 2012 ஜூலையில் வந்தது. எதிர்வரும் 5 ஆண்டுகளுக்கு அது செல்லும். கடந்துபோன 4 ஆண்டுகளுக்கும் நீட்டிக்கலாம்.

ராயல்டிச் சண்டைக்கு முடிவு வந்ததா?

பெருமளவு வந்தது. 2021 மார்ச் 2-ல் இன்ஜினீயரிங் அனாலிசிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மென்பொருளின் பிரதியை விலைக்கு வாங்குவது வேறு, அதன் காப்புரிமையை வாங்குவது வேறு. பிரதிக்குத் தரும் பணம் ராயல்டி அல்ல. நம் சட்டத்தை 2012-ல் திருத்தினாலும், வேறொரு நாட்டோடு போட்ட ஒப்பந்தத்தின் அர்த்தம் அதனால் மாறிவிடாது.

போன்களில் பிரதி எடுத்து ஏற்றிய நோக்கியாவுக்கு இது அப்படியே பொருந்தியிருக்குமா என்பது தனி விவாதம். பிரதி எடுக்கும் உரிமையே காப்புரிமையின் ஒரு பகுதி என்று வாதிட இடம் இருக்கிறது. அதனால் ‘மென்பொருள்னா வரி இல்லை’ என்று பொத்தாம்பொதுவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒப்பந்தத்தில் எந்த உரிமை கொடுக்கப்பட்டிருக்கிறது என்று படித்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

முன்தேதியிட்ட வரிகளில், வோடஃபோன் வழக்கால் பிரபலமான மறைமுகச் சொத்து விற்பனை மீதானதை மத்திய அரசு 2021-ல் கைவிட்டது. ராயல்டி பற்றிய 2012 விளக்கத்தை அந்தத் திருத்தம் தொடவில்லை.

அந்த ஆலை இப்போது?

2019 நவம்பரில் மத்திய அரசு ஒரு செய்தியை அறிவித்தது. நோக்கியாவின் பழைய ஆலையை, அதே வளாகத்தில் சார்ஜர் செய்துவந்த சால்காம்ப் வாங்குகிறது என்பதே அது. 2014-ல் மூடிய ஃபாக்ஸ்கான், இன்று சில கிலோமீட்டர் தள்ளி சுங்குவார்சத்திரம் பக்கம் ஐபோன் செய்கிறது. தொழில் திரும்பி வந்துவிட்டது. ஆனால் 2014-ல் விருப்ப ஓய்வுப் பணத்தோடு வீட்டுக்குப் போனவர்களுக்கு, இடையில் போன ஆண்டுகள் திரும்பாது.

ஒரகடத்தில் வேலை பார்க்கும் உங்கள் மேசைக்கு, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ஃபைல் ஒன்று வரலாம். கையெழுத்துப் போடும் முன் நான்கைக் கேளுங்கள்: இந்தப் பணம் எதற்கு? ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது? வரி வசிப்புச் சான்றிதழ் வந்துவிட்டதா? வரி யார் தலையில்? பதில் இல்லையென்றால் ஆடிட்டரிடம் எழுத்தில் கருத்து வாங்கி ஃபைலில் வைத்துவிட்டு அனுப்புங்கள். ஏழு ஆண்டுகள் கழித்து வரித் துறை கேட்டால் காட்டுவதற்கு அதுதான் இருக்கும்.